குணவதிக்குச் சொல்லாமல் விட்டது

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தங்கை போன் பண்ணியபோது, பாக்கியலட்சுமி ஒரு வாடிக்கையாளருக்கு ஏழாவது பட்டுப்புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்தான். சிராங்கூன் ரோட்டில் இருந்த அந்தப் புடவைக்கடையில் கால் வைக்க இடமில்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "சொல்லு குணா, சீக்கிரம் சொல்லு" என்றாள்.

"அக்கா, காலையிலேர்ந்து காய்ச்சல். முப்பத்தொன்பதுக்கு மேல இருக்கு. குளிருல பல்லு அடிக்குது. மூச்சு இழுத்தா இடது விலாவுல குத்துது."

முந்தானையைத் தூக்கிப் பிடித்திருந்த பாக்கியலட்சுமியின் கை கொஞ்சம் கீழே இறங்கியது.

"ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்களும் இருமிக்கிட்டு இருக்குதுங்க. அதுங்ககிட்ட இருந்து ஒட்டியிருக்கும் லா" என்றாள் குணவதி. பாசிர் ரிஸ்ஸில் ஒரு பாலர் பள்ளியில் அவள் ஆசிரியை. "பனடோல் போட்டேன். குறையல."

பாக்கியலட்சுமிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். ஊரிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போ, அவசரப் பிரிவுக்குப் போ, எனக்கு மண்ணீரல் கிடையாது என்று சொல். இவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்த கேள்வியும் வரும். எதிரே நின்ற அம்மாள் வேறு, "இதே கலர்ல பார்டர் சின்னதா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிளினிக்குப் போ" என்றாள். "இன்னிக்கே போ. நாளைக்குன்னு தள்ளாதே. போயிட்டு மெசேஜ் போடு."

நான்கரை மணிக்கு மெசேஜ் வந்தது. டாக்டர் ஃப்ளூ மாதிரி இருக்கிறது என்கிறார், மருந்தும் இரண்டு நாள் மருத்துவ விடுப்புக்கு எம்சியும் கொடுத்திருக்கிறார், மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார், கவலைப்படாதே. பாக்கியலட்சுமி கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போனாள். கடையில் அன்று மாலை நல்ல வியாபாரம். நடுநடுவே போனை எடுத்துப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் குணாவுக்கு எத்தனையோ தடவை காய்ச்சல் வந்து போயிருக்கிறது, கொரோனாவே வந்து போயிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரக்ஷனா கூப்பிட்டாள். குணவதியின் ஒரே மகள், பதினாறு வயது.

"பெரியம்மா, அம்மா என்னென்னமோ உளறுறாங்க. லிப்ஸ் எல்லாம் ப்ளூவா இருக்கு. கையில, கால்ல பர்ப்பிள் கலர்ல திட்டுத் திட்டா வந்திருக்கு. அப்பா ஆம்புலன்ஸ் கூப்பிட்டாங்க. நீங்க வர்றீங்களா?"

"வந்துட்டேன்" என்றாள் பாக்கியலட்சுமி. இரவு உடையின் மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து தீவின் கிழக்குக் கோடிக்கு டாக்சியில் முக்கால் மணி நேரம். கணவர் போய் ஆறு வருடமாகிறது, மகன் பெர்த்தில் இருக்கிறான். கலந்து பேசவோ, எரிந்து விழவோ வீட்டில் யாரும் இல்லை. பின்சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வருடமாக அவள் ஒதுக்கி வைத்திருந்த அந்த நாள் தானாகவே வந்து முன்னால் நின்றது.

அப்போது அவளுக்குப் பதினைந்து, குணாவுக்கு எட்டு. பக்கத்து பிளாக்குப் பிள்ளையின் சைக்கிளை வாங்கிச் சரிவில் விட்டுக்கொண்டு வந்த குணா கீழே விழுந்தாள். கைப்பிடியின் முனை இடது வயிற்றில் குத்தியது. எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, மறுபடியும் ஒரு சுற்றுப் போனாள். சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் முகம் வெளுத்துச் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள். அப்பா கப்பல் பட்டறை வேலைக்கு வெளியூர் போயிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் டாக்டர் பாக்கியலட்சுமியைப் பார்த்துத்தான் பேசினார். பள்ளிக்கூடச் சீருடையில் நின்றுகொண்டு அவள் ஒவ்வொரு வாக்கியமாக அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

மண்ணீரல் கிழிந்துவிட்டது, எடுத்துவிட்டோம். அது இல்லாமல் வாழலாம், பயமில்லை. ஆனால் சில கிருமிகளை வடிகட்டிக் கொல்வது அதுதான். அது இல்லாதவர்களுக்கு நிமோனியா வந்தால் ரத்தத்தில் மளமளவென்று பரவிவிடும். இப்போது ஓர் ஊசி போட்டிருக்கிறோம், ஐந்து வருடத்தில் மறுபடி போட வேண்டும். தினம் ஒரு பென்சிலின் மாத்திரை. காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பெரியவளான பிறகும் இதை அவள் மறக்கக் கூடாது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டாக்டர் போன பிறகு, "பொம்பளப் பிள்ளை. வயித்துல ஒரு உறுப்பு இல்லைன்னு வெளியே தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?" என்றார். "குடல்வால் ஆபரேஷன்னு சொல்லிடுவோம். அப்பாகிட்டயும் அதேதான். அவகிட்டயும் அதேதான். நீ வாயைத் திறக்கக் கூடாது."

மாத்திரையை வைட்டமின் என்று சொல்லி நான்கு வருடம் கொடுத்தார். குணா நன்றாகத்தானே வளர்கிறாள் என்று பிறகு நிறுத்திவிட்டார். இரண்டாவது ஊசிக்கு அழைத்துப் போகவே இல்லை.

டாக்சி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

அவசரப் பிரிவில் ஜெய் ஒரு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தான். குணவதியின் கணவன். காலில் ஒரு செருப்பு அவனுடையது, இன்னொன்று குணாவுடையது. ரக்ஷனா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உள்ளே மூச்சுக்குழாய் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். கொஞ்ச நேரத்தில் இளைஞரான ஒரு மருத்துவர் வந்தார். அஹ்சன் என்று தன் பெயரைச் சொல்லி, அவர்களுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார்.

"இடது நுரையீரல் முழுக்க நிமோனியா. கிருமி ரத்தத்திலும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறோம். ரத்த அழுத்தம் நிற்க மாட்டேன் என்கிறது. வலுவான ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். சில கேள்விகள் கேட்க வேண்டும். சர்க்கரை வியாதி உண்டா?"

"இல்லை" என்றான் ஜெய்.

"சிகரெட்? மது?"

"இல்லை. இல்லை."

"ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரகக் கோளாறு? புற்றுநோய்க்கு ஏதாவது சிகிச்சை? ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டாரா?"

ஒவ்வொன்றுக்கும் ஜெய் தலையை ஆட்டி மறுத்தான். அதில் ஒருவித நம்பிக்கை இருந்தது. இத்தனை இல்லைகள் சேர்ந்தால் அவள் பிழைத்துவிடுவாள் என்பதுபோல. "தினமும் காலையில் கடற்கரைப் பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் நடப்பாள், டாக்டர். வருடத்தில் ஒருநாள்கூட எம்சி எடுக்க மாட்டாள்."

"ஏதாவது அறுவைசிகிச்சை?"

"சின்ன வயதில் அப்பெண்டிக்ஸ். அவ்வளவுதான்."

பாக்கியலட்சுமி அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். டாக்டர் அஹ்சன் எழுந்து நின்றார்.

"உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. வயதானவர்களுக்கு, சர்க்கரை முற்றியவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நிமோனியா இப்படி முற்றுவதைப் பார்த்திருக்கிறோம். நாற்பத்தாறு வயதில், நோய் நொடி இல்லாத ஒருவருக்கு ஒரே நாளில் இந்த அளவு போனதுதான் எனக்குப் புரியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறோம்."

அவர் கதவைத் தாண்டிப் போய்விட்டார். பாக்கியலட்சுமி ரக்ஷனாவைப் பார்த்தாள். அந்தப் பெண் தன் அம்மாவின் கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பாக்கியலட்சுமி டாக்டரின் பின்னால் நடந்தாள். நடை ஓட்டமாயிற்று.

"டாக்டர், ஒரு நிமிஷம். அவளுக்கு மண்ணீரல் கிடையாது."

அவர் திரும்பினார். "என்ன சொன்னீர்கள்?"

"எட்டு வயதில் எடுத்துவிட்டார்கள். அந்தத் தழும்பு அப்பெண்டிக்ஸ் இல்லை. நடுவயிற்றில் நீளமாக இருக்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள்."

"பார்த்தோம். பழைய ரெக்கார்டு எதுவும் கம்ப்யூட்டரில் இல்லை. தடுப்பூசி?"

"அப்போது ஒன்று. அதற்குப் பிறகு இல்லை."

"கணவருக்குத் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது."

டாக்டர் அஹ்சன் கோபப்படவில்லை. "நல்ல வேளை சொன்னீர்கள். எதை எதிர்த்துப் போராடுகிறோம் என்று இப்போது தெரிகிறது. மருந்தை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டோம், அது மாறாது. ஆனால் விரல்கள், சிறுநீரகம், ரத்தம் உறைவது, எல்லாவற்றையும் இனி வேறு மாதிரி கவனிப்போம்."

"நேற்று மத்தியானமே கொண்டுவந்திருந்தால்?"

"இந்த நோயில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்" என்றார். "அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது."

ஜெய்யிடம் அவள்தான் சொன்னாள். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஒன்றையும் விடாமல், அம்மா சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்த பிறகு, "நான் கட்டியிருக்க மாட்டேன்னு நினைச்சீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"அம்மா அப்படி நினைச்சாங்க."

"அம்மா போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு" என்றான். கண் சிவந்திருந்தது. "நான் உங்களைத் திட்ட மாட்டேன். திட்டினா இங்க நிக்க முடியாது. ஆனா அவ முழிச்சா நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

ஒன்பது நாள் குணவதி தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். சிறுநீரகம் நின்றுபோய், இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். அழுத்தத்தை நிறுத்தி வைக்கக் கொடுத்த மருந்தும் ரத்தத்தில் கிருமி செய்த வேலையும் சேர்ந்து விரல் நுனிகளுக்கு ரத்தம் போகவில்லை. முதலில் ஊதா நிறமாக இருந்தவை நாளாக நாளாகக் கறுத்தன. பாக்கியலட்சுமி கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தினமும் வந்தாள். ஜெய் அவளைத் தடுக்கவில்லை, பேசவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே இருவரும் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ரக்ஷனா நடுவில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜெய் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தான். ஐந்தாம் நாள் அவள் நிமிராமலே கேட்டாள்:

"பெரியம்மா, எனக்கும் ஏதாவது இருக்கா? என்கிட்ட சொல்லாதது?"

"இல்லடா கண்ணு. உனக்கு ஒண்ணும் இல்ல."

ரக்ஷனா தலையசைத்தாள். நம்பினாளா என்று பாக்கியலட்சுமிக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள், தீபாவளியன்று, மூச்சுக்குழாயை எடுத்தார்கள். அடுத்த வாரம் இடது காலில் மூன்று விரல்களையும், வலது கையில் சுண்டுவிரல், மோதிரவிரல் நுனிகளையும் அகற்றினார்கள். உயிர் தங்கிவிட்டது என்றார்கள். சிறுநீரகமும் மெல்ல வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

சாதாரண வார்டுக்கு மாற்றிய மறுநாள் காலை பத்து மணிக்குப் பாக்கியலட்சுமி கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். ஜெய் எழுந்து வெளியே போனான். ரக்ஷனா, "நான் இருக்கேன்" என்று சொல்லி ஜன்னலோரம் நின்றுகொண்டாள். குணவதியின் குரல் இன்னும் கரகரத்தது.

"ஏன் எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீங்க? டாக்டருங்க வேற மண்ணீரல் பத்தி என்னென்னமோ கேக்குறாங்க. அக்கா வந்து விவரம் சொல்வாங்கன்னு இவரு சொல்றாரு."

"உன் வயித்துல இருக்கிற தழும்பு அப்பெண்டிக்ஸ் இல்ல, குணா."

மெதுவாகத்தான் சொன்னாள். சைக்கிள், ஆஸ்பத்திரி, டாக்டர் சொன்னது, அம்மா சொன்னது. குணவதி கட்டுப் போட்ட கையைப் போர்வையின் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். அம்மாவைப் பற்றிச் சொன்னபோது முகம் மாறவில்லை.

"அப்ப அந்த வைட்டமின்?"

"பென்சிலின்."

"கசப்பா இருக்கும். தேன்ல குழைச்சுக் குடுப்பாங்க." இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சரி, அப்ப நீ சின்னப் பொண்ணு. அம்மா சொன்னா கேக்கணும். அப்புறம்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னா நின்னு போயிடுமோன்னு பயம். கல்யாணம் ஆனப்புறம் சொன்னா ஏமாத்திட்டோம்னு ஜெய் நினைப்பாரோன்னு பயம். ரக்ஷனா பிறந்தப்ப நீ ரொம்ப சந்தோஷமா இருந்தே. அம்மா போனப்புறம் ஒருநாள் சொல்லிடணும்னு உன் வீட்டுக்கே வந்தேன். நீ தோசை ஊத்திக் குடுத்தே. சாப்பிட்டுட்டு வந்துட்டேன். வருஷம் ஆக ஆக, இவ்வளவு நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பியேன்னு அதுவே பெரிய பயமாயிடுச்சு."

"மறந்துட்டியோன்னு நினைச்சேன்."

"மறக்கல."

குணவதி தலையைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தாள். "அந்த வெள்ளிக்கிழமை நான் போன் பண்ணப்ப? அப்ப ஞாபகம் இருந்துச்சா?"

ஜன்னலருகே ரக்ஷனா அசையாமல் நின்றாள். கடையில் கூட்டம், சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லலாம். அந்த வார்த்தை பாக்கியலட்சுமியின் நாக்கு நுனி வரை வந்தது.

"இருந்துச்சு" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மூதாட்டி மலாயில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குணவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தூக்கம் வருது. நீ போ அக்கா."

"நாளைக்கு வரட்டுமா?"

"வேணாம்."

பாக்கியலட்சுமி எழுந்தாள். போர்வையைச் சரிசெய்யப் போன கையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அதன்பிறகு இரண்டரை மாதம் குணவதி கூப்பிடவில்லை. பாக்கியலட்சுமி அனுப்பிய மெசேஜ்களைப் படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு விழும், பதில் வராது. வாரம் ஒருமுறை ரக்ஷனாதான் ஒரு வரி அனுப்புவாள். அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. அம்மா வாக்கர் இல்லாம நடந்தாங்க. அம்மா பென்சிலை மூணு விரல்ல பிடிக்கப் பழகுறாங்க. பாக்கியலட்சுமி கடைக்குத் திரும்பினாள். புடவையை உதறி விரிக்கும்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை கையில் வந்து நிற்கும். ஒருநாள், பார்டர் சின்னதாகக் கேட்ட அதே அம்மாள் பொங்கலுக்குப் புடவை எடுக்க வந்தபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த அம்மாள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஜனவரி கடைசியில் ஒரு காலை, போனில் தங்கையின் பெயர் வந்தது.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தொற்றுநோய் கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட்" என்றாள் குணவதி, எடுத்த எடுப்பிலேயே. "பழைய விவரம் எல்லாம் கேக்குறாங்க. எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, என்ன ஊசி, மாத்திரை எத்தனை வருஷம். எனக்கு எதுவும் தெரியாது. நீதான் வரணும்."

"வர்றேன்."

"வேற ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கிளினிக்கில் குணவதி அகலமான புதுக் காலணி போட்டு, இடது காலைச் சற்று இழுத்து நடந்து வந்தாள். இளைத்திருந்தாள். மரியம்மாள் என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த தாதி தமிழிலேயே பேசினார். கேள்விகளைக் குணவதியிடம் கேட்டார். குணவதி அக்காவைப் பார்க்காமலே, "அவங்களைக் கேளுங்க" என்றாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, ஜூன் விடுமுறை. ஊசி ஒன்று. மாத்திரை நான்கு வருடம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. பதிமூன்று வயதில் ஒருமுறை கடுமையான காய்ச்சல், அம்மா மறுபடியும் நான்கு நாள் மாத்திரை கொடுத்தார். பாக்கியலட்சுமி சொல்லச் சொல்லத் தாதி எழுதினார். எல்லாம் அவ்வளவு துல்லியமாகத் தன் நினைவில் இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தாதி குணவதியின் கையில் இரண்டு ஊசி போட்டார். மற்றவற்றுக்குத் தேதி குறித்துக் கொடுத்தார். "எப்பவும் வீட்டுல ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் வச்சிருக்கணும். காய்ச்சல் வந்தா அதைப் போட்டுக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி. கிளினிக் இல்ல, நாளைக்கு இல்ல. ஆஸ்பத்திரியில முதல் வார்த்தையா மண்ணீரல் இல்லைன்னு சொல்லணும். சொல்லுங்க பாப்போம்."

"எனக்கு மண்ணீரல் இல்ல" என்றாள் குணவதி. பாலர் பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் இருந்தது. தாதி சிரித்தார். குணவதி சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் ஜெய் காரை எடுக்கப் போனான். இருவரும் தூணருகே நின்றார்கள்.

"மார்ச்லேர்ந்து மறுபடி ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள் குணவதி. "அரை நாள்தான்."

"கால் வலிக்கலையா?"

"வலிக்குது." தூணில் சாய்ந்துகொண்டாள். "உன் மேல எனக்கு எவ்வளவு கோபம்னு எனக்கே இன்னும் தெரியல, அக்கா. சில நாள் அம்மா மேல வருது. சில நாள் உன் மேல மட்டும்தான் வருது. எப்பப் போகும்னு கேக்காதே."

"கேக்க மாட்டேன்."

கார் வந்து நின்றது. ஜெய் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டான். குணவதி காலை உள்ளே எடுத்து வைக்க நேரம் பிடித்தது. பாக்கியலட்சுமி உதவிக்கு ஓரடி முன்னால் வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். ஜெய் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். கார் வளைவில் திரும்பும்வரை நின்றாள். கடையில் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.